மாங்குளம் ஒரு குளமா? வன்னி ஆவணங்களுக்குத் தானாகப் பகுப்புச் சொல்லும் பொறி

இலங்கையின் வடக்கே வன்னியில், மாங்குளத்தில் நடந்த பாடசாலைப் பரிசளிப்பு விழாவின் அழைப்பிதழைத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறீர்கள். ஆவணத்தைப் படித்துப் பகுப்புச் சொல்லும் மென்பொருளான பரிந்துரைப் பொறியை ஆயத்தம் ஏதும் செய்யாமல் இணைத்திருந்தால், அது முதலில் நீட்டும் பகுப்பு ‘நீர்ப்பாசனம்’ ஆக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. தண்ணீரூற்றில் வைத்த கண் சிகிச்சை முகாமின் துண்டுப்பிரசுரம் ‘குடிநீர்’ பக்கம் சாயும். ஆனையிறவு உப்பளத்துக் கூலிப் பதிவேடு ‘காட்டு யானை’க்குப் போகும். புதுக்குடியிருப்புக் கூட்டுறவுச் சங்கக் கணக்கறிக்கைக்கு ‘வீட்டுத்திட்டம்’ வரும்.

பொறியில் பழுதில்லை. வன்னி ஊர்ப்பெயர்களில் பெரும்பங்கு குளம், மடு, கேணி, கட்டு, ஆறு, மோட்டை, வாய்க்கால் என்று நிலத்தையும் நீரையும் சொல்லியே முடியும். அவை பெயர்கள் என்று பொறிக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். பொறிக்குள் பயிற்றிவைக்கும் மாதிரிகளில் (மொடல்) எது சிறந்தது, எவ்வளவு பெரியது வேண்டும் என்று நாட்கணக்கில் பேசுகிறார்கள். வன்னிப் பதிவுகளைப் பொறுத்தவரை, ஊர்ப்பெயரை முதலில் பிடித்துத் தனியே எடுத்துவைத்த சாதாரண மாதிரி, அதைச் செய்யாத பெரிய மாதிரியை விட உதவும். ஏன் என்பதற்குச் சில அடிப்படைகளைப் பார்க்கவேண்டும்.

பொறி செய்யும் வேலை

ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையோ, பிரதேச சபை நூலகமோ, பழைய மாணவர் சங்கமோ ஆவணம் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பதிவிலும் தலைப்பு, சிறு விவரம், ஸ்கான் செய்த பக்கத்திலிருந்து எழுத்துணரி எடுத்துத் தந்த வாசகம் ஆகியவை இருக்கும். பதிவேற்றுபவர் சேமிக்கும் முன்பே பொறி அவற்றைப் படித்து, ஏற்கெனவே வகுத்த பகுப்புப் பட்டியலிலிருந்து மூன்றை மதிப்பெண்ணோடு (0 முதல் 1 வரை) முன்வைக்கும். தேர்வது மனிதர்.

இதைச் செய்ய மூன்று வழி வழக்கில் உண்டு. முதலாவது சொல் விதி: ‘பசளை’, ‘விதைநெல்’, ‘சிறுபோகம்’ வந்தால் கமம் (விவசாயம்). இரண்டாவது, மனிதர் பகுத்த பழைய பதிவுகளைக் காட்டிப் பயிற்றுவது. எந்தச் சொல் எல்லாப் பதிவிலும் வருகிறதோ அதற்கு எடை குறைவு, சில பதிவுகளில் மட்டும் வருவதற்கு எடை கூடுதல். கரென் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972இல் எழுதிவைத்த இந்தக் கணக்கு இன்றும் உழைக்கிறது. அதன்மேல் லொஜிஸ்டிக் ரிக்ரஷன் போன்ற எளிய நேர்கோட்டு வகைப்படுத்தி ஒன்றை வைத்தால் போதும். மூன்றாவது, வாசகம் முழுவதையும் ஓர் எண் வரிசையாக்கி, அதற்குக் கிட்ட இருக்கும் பழைய பதிவுகளின் பகுப்பைக் கடன் வாங்குவது. கூகுள் 2020இல் வெளியிட்ட லாப்சி (LaBSE) என்ற மாதிரி 109 மொழிகளுக்கு இதைச் செய்யும். ஒரு வாசகத்துக்கு 768 எண்கள். கோப்பின் அளவு இரண்டு ஜிகாபைட்டை நெருங்கும் என்பதால் பழைய மடிக்கணினி மூச்சுவாங்கும்.

நாலாயிரம் ஐயாயிரம் பதிவுள்ள தரவுத்தளத்துக்கு இரண்டாவது வழியே போதும். இணையமின்றி ஓடும், சில வினாடிகளில் மறுபடி பயிற்றலாம், எந்தச் சொல் அந்தப் பகுப்பைத் தூக்கியது என்று திறந்து பார்க்கவும் முடியும். ‘நீர்ப்பாசனம்’ பகுப்பில் மிகக் கூடிய எடை பெற்ற ஐம்பது துண்டுகளை அச்சிட்டுப் பார்ப்பது பத்து நிமிட வேலை. நோய் அங்கேயே தெரிந்துவிடும்.

பட்டியலே கலங்கியிருந்தால்

பொறிக்கு முன் பகுப்புப் பட்டியல். மிகச் சாதாரணமான பிழை, ஒரே நிரலில் ‘கல்வி’, ‘சிறப்பு மலர்’, ‘ஒட்டுசுட்டான்’, ‘1990கள்’ நான்கையும் போட்டுவைப்பது. முதலாவது பொருள், இரண்டாவது வடிவம், மூன்றாவது இடம், நான்காவது காலம். ஒட்டுசுட்டான் பாடசாலை ஒன்றின் 1994 ஆண்டு மலர் நான்கிலும் சரியாகவே விழும். அதில் எது ‘சரியான’ விடை என்று மனிதருக்கே தெரியாதபோது பொறி எதைக் கற்கும்? சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை, ஆளுமை, பருப்பொருள், வினை, இடம், காலம் என்று ஐந்து முகங்களாகப் பிரித்தது இந்தச் சிக்கலுக்காகத்தான். சிறிய ஆவணகத்துக்கு ஐந்தும் தேவையில்லை. பொருள், வடிவம், இடம், காலம் என நான்கு நிரல் வைத்து, பொருளுக்கு மட்டும் பொறியைப் பழக்குங்கள்.

பொருளில் 15 முதல் 25 பகுப்பு கையாளக்கூடிய அளவு. கமமும் நீர்ப்பாசனமும், காணி, மீன்பிடி, கல்வி, சமயம், சுகாதாரம், கூட்டுறவு, இடப்பெயர்வும் மீள்குடியேற்றமும், விளையாட்டு, வனவிலங்கு என்று வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி வரையறை, ‘இது இங்கே வராது’ என்று இன்னொரு வரி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த வயல் அனுமதிப்பத்திரம் காணியா, கமமா? எழுதிவைக்காவிட்டால் இருவர் இரண்டு விதமாகப் போடுவார்கள். பயிற்றத் தொடங்குமுன் ஒரே 200 பதிவுகளை இருவர் தனித்தனியே பகுத்துப் பாருங்கள். அடிக்கடி முரண்படும் இடத்தில் பிழை வரையறையில் இருக்கும். மனிதர் இருவர் ஒத்துப்போகாத பகுப்பில் பொறி மட்டும் ஒத்துப்போகாது. ஒரு பகுப்புக்கு 30 முதல் 50 பதிவாவது கையால் பகுத்திருக்கவேண்டும். அதற்குக் குறைவானவற்றுக்குச் சொல் விதியே பாதுகாப்பு.

எழுத்தைச் சுத்தம் செய்தல்

இந்தப் பகுதியைப் பலர் தாண்டிப் போவார்கள். பிழையில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது.

பழைய கோப்புகளில் பல பாமினி எழுத்துருவில் தட்டியவை. திரையில் தமிழ் தெரிந்தாலும் கணினி காண்பது ஆங்கில எழுத்துகளையும் நிறுத்தக்குறிகளையும்தான். அந்த எழுத்துருவில் மெய்யின் குற்று (மேலே இடும் புள்ளி), அரைப்புள்ளி விசையில் இருக்கிறது. ஆகவே ‘ஆங்கில’ வாசகம் ஒன்றில் சொல்லின் நடுவிலும் முடிவிலும் அரைப்புள்ளி கொட்டிக்கிடந்தால் அது பாமினி. இந்த ஒரு சோதனையே, உண்மையில் ஆங்கிலத்தில் இருக்கும் திட்ட அறிக்கைகளிலிருந்து அவற்றைப் பிரித்துவிடும். பிறகு யூனிகோடுக்கு மாற்றலாம்.

யூனிகோடிலும் கண்ணி உண்டு. ‘கொ’ என்பதை ஒரே உயிர்க்குறியாகவும் இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். வழமைப்படுத்தும் செயலி அதை ஒன்றாக்கிவிடும். ஆனால் ‘கௌரவ’ என்பதைச் சிலர் கெ, ள என்று தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு வித்தியாசமில்லை, வழமைப்படுத்தலும் தொடாது. அழைப்பிதழ்களில் பாதி ‘கௌரவ விருந்தினர்’ என்று தொடங்குவதால் இது சிறிய விஷயமில்லை. ‘ஸ்ரீ’யும் அப்படித்தான்: ஸகரத்தில் தொடங்கும் வடிவமும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த வேறோர் எழுத்தில் தொடங்கும் வடிவமும் திரையில் ஒன்றுபோல நிற்கும். இவற்றுக்குக் கையால் ஒரு மாற்றுப் பட்டியல் வேண்டும். ஸ்கானை அங்குலத்துக்கு 300 புள்ளியில் எடுங்கள். அதற்குக் கீழே போனால் எழுத்துணரி குற்றுகளைத் தின்னும்.

அடுத்தது, பைதன் கணினிமொழியில் வேலை செய்பவர்களை மௌனமாகக் கவிழ்ப்பது. வகைப்படுத்தி பயிற்றப் பயன்படும் சைகிட்-லேர்ன் தொகுப்பின் இயல்பான சொற்பிரிப்பு, உயிர்க்குறியையும் குற்றையும் எழுத்தாக எண்ணாது. அவை வரும் இடத்தில் சொல்லை வெட்டும். ‘மாங்குளம்’ அதன் கையில் ம, ங, க, ளம என்று உடைந்து, ஓரெழுத்துத் துண்டுகள் வீசப்பட்டு, ‘ளம’ மட்டும் எஞ்சும். ‘விழா’வில் ஒன்றுமே மிஞ்சாது. பிழைச்செய்தி வராது, பயிற்சி முடியும், மதிப்பெண்ணும் ஏதோ வரும். இடைவெளியில் மட்டும் பிரிக்கும்படி விதியை நீங்களே கொடுக்கவேண்டும்.

துண்டாக்கினால் ஊர் மாட்டும்

தமிழ்ச் சொல் உருபேற்கும்போது உருமாறும். குளம், குளத்தில், குளத்துக்கு, குளங்களை, குளக்கட்டு எல்லாம் பொறிக்கு ஐந்து வேறு சொற்கள். இதற்கு நல்ல மருந்து, சொல்லை முழுதாக எடுக்காமல் எழுத்துத் துண்டுகளாக எடுப்பது. ‘குள’ என்ற துண்டு ஐந்திலும் பொதுவாக இருப்பதால் ஐந்தும் ஒரு பக்கம் சேரும்.

அதே மருந்துதான் வன்னியில் நஞ்சாகிறது. மாங்குளம், புளியங்குளம், செட்டிகுளம், கனகராயன்குளம், வன்னேரிக்குளம், பாண்டியன்குளம் எல்லாவற்றிலும் அந்தத் துண்டு இருக்கிறது. ஊர் எதுவானாலும் நீர்ப்பாசனத்துக்கு ஒரு வாக்கு விழுந்துவிடும். எழுத்துத் துண்டுகளைக் கொண்டு இயங்கும் ஃபாஸ்ட்டெக்ஸ்ட் போன்ற கருவிகளிலும் இதே சாய்வு உண்டு. பெரிய மொழி மாதிரிகளும் தமிழ்ச் சொல்லை உள்ளே துண்டாக்கியே வாங்குகின்றன.

துண்டின் நீளத்திலும் ஒரு கண்கட்டு. ‘மாங்குளம்’ நமக்கு ஐந்து எழுத்து, உயிர்க்குறியையும் குற்றையும் தனித்தனியே எண்ணும் கணினிக்கு ஒன்பது குறியீடு. ஆங்கிலத்துக்கு எழுதிய வழிகாட்டியைப் பார்த்து ‘மூன்று முதல் ஐந்து’ என்று வைத்தால், மூன்று குறியீடு என்பது தமிழில் பல இடத்தில் இரண்டு எழுத்துத்தான். கண்ணிவெடி, கண்ணகி அம்மன், கண்ணாடி மூன்றும் முதல் நான்கு குறியீட்டில் ஒன்றே. மிதிவெடி அகற்றும் அறிவித்தலுக்கு, வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு உரிய சமயப் பகுப்பு வருவது இப்படித்தான். நான்கு முதல் ஏழு குறியீடு என்று கூட்டுங்கள், அல்லது உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணும் பிரிப்பியைப் பயன்படுத்துங்கள்.

உருபை வெட்டும் கருவிகளை நம்பினால் வேறு வினை. முழங்காவிலையும் அலம்பிலையும் அவை ‘இல்’ உருபு ஏற்ற சொற்கள் என்று நினைத்து முழங்கா, அலம்பு என்று நறுக்கிவிடும்.

ஊர்ப்பெயரை மறைத்தல்

செய்யவேண்டியது: பயிற்றுமுன்பும் பரிந்துரைக்குமுன்பும் வாசகத்தில் வரும் ஒவ்வோர் ஊர்ப்பெயரையும் ‘ஊர்ப்பெயர்’ என்ற ஒரே அடையாளத்தால் மாற்றிவிடுவது. பிடித்த பெயரை எறியவேண்டாம். அதை அப்படியே இட நிரலுக்குப் பரிந்துரையாக அனுப்பலாம்.

பெயர்ப்பட்டியலுக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களின் கிராம அலுவலர் பிரிவுப் பட்டியல் தொடக்கம். அது போதாது. மக்கள் சொல்லும் இடங்கள் நிர்வாகப் பட்டியலில் இராது: உருத்திரபுரத்து எட்டாம் வாய்க்கால், கிளிநொச்சி 155ஆம் கட்டை போன்றவை. குளப் பட்டியல், பாடசாலைப் பட்டியல், பஸ் தரிப்பிடப் பெயர்கள் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்து வேறுபாட்டுக்கும் இடம் விடுங்கள்: பூநகரி, பூனகரி, ஒட்டுசுட்டான், ஒட்டிசுட்டான், கரைதுறைப்பற்று, கரைத்துறைப்பற்று.

உருபேற்ற வடிவங்களைப் பிடிக்க ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு அடி வைத்தால் போதும். மாங்குளம் என்பதற்கு மாங்குளம், மாங்குளத்; நாயாறு என்பதற்கு நாயாறு, நாயாற்; முத்தையன்கட்டு என்பதற்கு உகரம் நீங்கிய அடி. கிளிநொச்சி, முள்ளியவளை போன்றவை அடி மாறாமல் யகரம் ஏற்கும். நீளமான பெயரை முதலில் தேடவேண்டும். இல்லாவிட்டால் ‘மடு’ முந்திக்கொண்டு விசுவமடுவின் வாலை அறுத்துவிடும். ‘மடு’ போன்ற குட்டிப் பெயர்கள் தனிச் சொல்லாக வரும்போது மட்டும் பொருந்தவேண்டும்.

‘அப்படியானால் உண்மையான குளத்துச் செய்தி தொலைந்துபோகாதா?’ என்று கேட்பார்கள். தொலையாது. ‘இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் திறப்பு’ என்பதில் இரணைமடு மறைந்தாலும் குளமும் வான் கதவும் நிற்கின்றன. ‘வவுனிக்குளத்தின் நீர்மட்டம்’ என்பதில் குளம் பெயரோடு போனாலும் நீர்மட்டம் சொல்லிவிடும். பெயரை மட்டுமே நம்பி நீர்ப்பாசனம் என்று முடிவுகட்டக்கூடிய பதிவு மிகக் குறைவு.

மறைப்பு வேலை செய்கிறதா என்று அறிய ஊர் மாற்றிப் பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நூறு பதிவை எடுத்து, மாங்குளம் வருமிடத்தில் மல்லாவி என்று மாற்றி மறுபடி பரிந்துரை கேளுங்கள். பரிசளிப்பு விழாவின் பகுப்பு ஊரோடு சேர்ந்து மாறினால், எங்கோ ஒரு வடிவம் பட்டியலில் தப்பியிருக்கிறது.

ஊர் போனாலும் பேச்சு இருக்கிறது

ஊர்ப்பெயர் போலவே வழக்குச் சொல்லும் மாட்டும். ‘கல்வெட்டு’ இங்கே பெரும்பாலும் இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் நினைவு மலர். தமிழகத் தமிழில் பழகிய மாதிரிக்கு அது தொல்லியல். ‘மதகு’ இங்கே தெருவுக்குக் கீழே தண்ணீர் போகும் சிறு பாலம். அங்கே குளத்தின் கதவு. ‘வான்’ குளம் நிரம்பிப் பாயவும் செய்யும், வாகனமாகத் தெருவில் மோதவும் செய்யும், ஆகாயமாக மேலே நீலமாகவும் இருக்கும். 1990களிலும் அதற்குப் பின்னும் வன்னியில் அச்சான தாள்களில் வெதுப்பகம் (பேக்கரி), உந்துருளி (மோட்டார் சைக்கிள்), வைப்பகம் (வங்கி) என்று வரும். இணையத்தில் மிகுந்து கிடக்கும் வாசகத்தில் அவை அபூர்வம். சொந்தப் பதிவுகளில் பயிற்றிய மாதிரிக்கு இதெல்லாம் தானாக வரும். வெளியே பயிற்றிய மாதிரியை எடுத்தால், நூறு சொல்லளவில் ஒரு மாற்றுப் பட்டியல் எழுதிக்கொடுக்கவேண்டும்.

பேசும் வகைப் பெரிய மாதிரிகளிடம் நேரே கேட்கலாமே என்றால், கேட்கலாம். பட்டியலுக்கு வெளியே புதுப் பகுப்பைக் கற்பனை செய்து தரும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. விடை பட்டியலில் இருக்கிறதா என்று உங்கள் மென்பொருளே சரிபார்க்கவேண்டும். ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட் பிடிப்பதும் சொல் துண்டுதுண்டாகப் போவதும் சேர்ந்து, ஆங்கிலத்தை விடச் செலவும் கூடும். அதைவிடப் பெரிய தடை, இந்த ஆவணங்களில் காணாமற்போனோர் பெயரும் முகாம் பதிவு எண்ணும் இருக்கும் என்பது. அவற்றை வெளிச் சேவைக்கு அனுப்புமுன் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

திரையில் எப்படிக் காட்டுவது

மூன்று பரிந்துரை, எதுவும் முன்கூட்டித் தெரிவு செய்யப்படாமல். முதலாவதில் சரி அடையாளம் போட்டுவைத்தால் களைத்த கை அதை அப்படியே சேமிக்கும்; ஏற்பு வீதம் உயர்ந்து, பொறி நன்றாக வேலை செய்வதாகத் தோன்றும். முதல் மதிப்பெண் 0.4க்குக் கீழே என்றால் ஒன்றும் காட்டாமல் விடுவது மேல். எல்லை எண்ணை உங்கள் பதிவுகளில் சோதித்து நகர்த்துங்கள். முதலாவதும் இரண்டாவதும் நெருக்கமாக இருந்தால் இரண்டையும் ஒரே வரிசையில் சமமாகக் காட்டுங்கள்.

மனிதர் பார்க்காமல் தானாகச் சேமிக்கும் வசதியை எந்த மதிப்பெண்ணிலும் திறக்கவேண்டாம். முள்ளிவாய்க்கால் என்ற பெயரை வாய்க்காலாகப் படித்து, 2009இல் அங்கே இறந்தவர்களுக்கான நினைவுக் குறிப்பை நீர்ப்பாசனத்துக்குள் போட்டுவைத்த ஆவணகத்தை வாசகர் மன்னிக்கமாட்டார். பிழை விழுக்காட்டில் அது ஒன்றாகத்தான் எண்ணப்படும்.

ஒவ்வொரு தேர்வையும் தனி அட்டவணையில் எழுதுங்கள்: பதிவெண், மாதிரியின் பதிப்பு, காட்டிய மூன்று, மதிப்பெண்கள், மனிதர் தேர்ந்தது, நேரம். இருபதில் ஒரு பதிவுக்குப் பரிந்துரையே காட்டாமல் மனிதரைத் தேரவிட்டு, பொறி மனதுக்குள் நினைத்ததோடு பின்னர் ஒப்பிடுங்கள். உண்மையான துல்லியம் அதில்தான் தெரியும். மறுபடி பயிற்றும்போது, பரிந்துரையை அப்படியே ஏற்றுச் சேமித்தவற்றை முழுதாக நம்பி உள்ளே போடாதீர்கள். பொறியின் பிழையைப் பொறிக்கே பாடமாக்கினதாகும். பரிந்துரை காட்டாதபோது மனிதர் தேர்ந்தவையும் மனிதர் திருத்தியவையும் முதலில், ஏற்றவற்றில் மறுபார்வை முடிந்தவை அடுத்து. மாரியில் குளங்கள் வான் பாயும் நாட்களில் வெள்ள அறிவித்தல் குவியும். அந்த மாதக் குவியலை மட்டும் வைத்துப் பயிற்றினால் பொறி பங்குனியிலும் வெள்ளம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆண்டு முழுவதன் பதிவோடு பயிற்றுங்கள்.

மறைப்புப் பட்டியலில் இரண்டொரு பெயர் கையைக் கடிக்கும். வற்றாப்பளை என்றாலே பெரும்பாலும் கண்ணகி அம்மன், மடு என்றாலே மாதா. இவற்றை மறைத்தால் சமயப் பதிவுகளில் கொஞ்சம் துல்லியம் குறையும். அதற்காகப் பெயரைத் திறந்துவிட்டால், மடுப் பிரதேச செயலகத்தின் ஒவ்வொரு கடிதமும் சமயத்துக்குப் போகும். ‘மடு மாதா’, ‘மடுத் திருவிழா’, ‘வற்றாப்பளைப் பொங்கல்’ என்ற தொடர்களை மட்டும் மறைப்பிலிருந்து விலக்குங்கள். தனியே நிற்கும் மடு மறைந்தே இருக்கட்டும். காணிக் கச்சேரிக்கு அழைக்கும் கடிதம் அப்போது காணிப் பகுப்பிலேயே விழும்.